மூடினேனா

வால்பராய்சோவில் குன்றுக்குக் குன்று
கம்பிவடத்தில் ஏறி இறங்கும் மரப்பெட்டிகள்.
அதில் ஒன்றின் அடிவாரத்தில்
சீட்டுக் கிழிப்பவள் நான்.

எவரிஸ்தோ காலை ஏழு நாற்பதுக்கு இறங்குவார்.
ஏழு நாற்பத்தாறுக்கு ஏறுவார்.
எட்டாவதற்குள் மறுபடி இறங்குவார்
காலர் நனைந்து.
சில நாள் நான்கு முறை.
மழை நாளில் ஏழு.

மேலே, நீலத் தகரம் அடித்த வீட்டில்
ஓர் எரிவாயு அடுப்பு.
அடுப்பில் ஒரு குமிழ்.
மூடினேன் என்றுதான் கிளம்புவார்.
பெட்டி பாதிச் சரிவுக்கு வருவதற்குள்
மூடினேனா.

அவ்வளவுதான்.
ஒரு சொல்லின் கடைசியில்
கொஞ்சம் நீண்டுவிட்ட மூச்சு.
அந்த நீளத்துக்குள்
குன்று முழுக்க எரிந்து முடியும்,
பக்கத்து வீட்டு இரட்டைக் குழந்தைகள் உட்பட.

குடி என்றான் பழக்கடைக்காரன்.
மேலே யாரையோ வைத்திருக்கிறார் என்றாள் ரொட்டிக்காரி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தடவைக்கு நூறு பெசோ.

ஒருநாள் கைபேசியை நீட்டினார்.
குமிழ். குமிழ். குமிழ்.
அறுநூறு படம், எல்லாம் மூடியே இருந்தது.
"கடைசிப் படம் இன்றைக்கு எடுத்ததுதானே?" என்று
என்னைக் கேட்டார்.

அவருக்கு வேலை சுங்க அலுவலகத்தில்.
தங்கை அனுப்பிய பொட்டலத்தை வாங்கப் போனபோது பார்த்தேன்:
முத்திரையை எடுத்தார். ஒரே குத்து.
நாலு டன் காப்பிக்கொட்டை நாட்டுக்குள் வந்துவிட்டது.
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
அந்தக் கையா
ஒரு குமிழிடம் தோற்கிறது?

சிரிக்கிறவள் யார் என்றும் சொல்லிவிடுகிறேன்.
பத்தொன்பது வயது மகன் தூங்கும்போது
மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன்.
இரவுக்கு இரண்டு முறை, மூன்று முறை.
இதற்குப் பாசம் என்று பெயர்.
என்னை யாரும் மருத்துவரிடம் போகச் சொன்னதில்லை.

ஜூன் மாதம், கடல் தெரியாத பனி.
கூடவே ஒரு பெண் இறங்கினாள்,
கத்தரித்த முடி, ஆண்களின் மழைக்கோட்டு.
அயெலென் என்று கூப்பிட்டார்.
என் கூண்டுக்கு எதிர் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"மூடியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.
ஒரே ஒரு தடவை."
"எனக்குத் தெரியாது, எவரிஸ்தோ.
திறந்தும் இருக்கலாம்."

இது என்ன வைத்தியம்!
எழுந்து போய் அறையலாம் போலிருந்தது எனக்கு.
அவள் பேனாவைக் கொடுத்தாள்.
சீட்டின் முதுகில் எழுதினார்: தொண்ணூறு.
பயத்துக்கும் மதிப்பெண் உண்டு போல.

தொண்ணூறு.
தொண்ணூற்று இரண்டு.
அந்த நேரம் பார்த்தா வரவேண்டும் வாயு லாரி,
பையன்கள் உருளைகளை இரும்பால் தட்டிக்கொண்டு,
டங் டங் டங்.
தொண்ணூற்று எட்டு.
எழுந்துவிட்டார்.
என் கை சுழல்கதவின் பூட்டில்.
திறந்துவிட்டால் போதும், ஆறு நிமிடத்தில்
அவர் முகம் தெளிந்துவிடும்.
எத்தனை தடவை தெளியவைத்திருக்கிறேன்.

அப்போதுதான் உறைத்தது.
இத்தனை வருடம் நான் கிழித்த சீட்டெல்லாம்
அவருக்குப் போடவில்லை.
அவரைக் கடித்துக்கொண்டிருந்ததற்குப் போட்ட தீனி.

பூட்டிலிருந்து கையை எடுத்து
தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

எண்பத்தைந்து. பனி கொஞ்சம் விலகி
ஒரு கப்பலின் பாதி தெரிந்தது.
எழுபது.
நடுவில் யாரோ முழு நோட்டை நீட்டிச் சில்லறை கேட்டார்கள்,
சில எண்கள் எனக்குத் தப்பிவிட்டன.
நாற்பத்தொன்று.
அதற்குக் கீழே இறங்கவில்லை.
நாற்பத்தொன்றோடு எழுந்து
துறைமுகத்துப் பக்கம் நடந்தார்,
முதுகைப் பின்னாலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி.

குணமாகிவிட்டார் என்று எழுத ஆசைதான்.
வியாழக்கிழமை இரண்டு முறை ஏறினார்.

அன்று இரவு மகன் அறைக்கு வெளியே நின்றேன்.
உள்ளே விளக்கில்லை, சத்தமில்லை.
கைப்பையில் துழாவினால் ஒரு பழைய சீட்டு, பேனா.
தூங்குகிறான்.

தூங்குகிறானா.

எழுபத்திரண்டு
என்று போட்டுக்கொண்டு
தரையில் உட்கார்ந்தேன்.