பிடித்தம்

நாளைக் காலை எட்டு மணிக்கு
வீட்டுக்காரர் பொய்யாமொழி வருகிறார்.
அட்வான்ஸ் நாற்பதாயிரம் அவர் கையில்.
தரையில் பச்சைப் பொட்டுகள் என் தலையில்.

மன்னார்குடியில் மூன்று வருஷத்தை
ஏற்றிக்கொண்டு லாரி போய்விட்டது.
மிச்சம் ஒரு பாய், ஒரு சொம்பு,
பாதி பிளேடு, தின்னர் பாட்டில்,
சன்னலடியில் நான்.

அந்தச் சன்னலுக்கு எனாமல் அடித்தவர் இளஞ்சேரல்,
என் வீட்டுக்காரர்.
பெயின்டர் கூலி எண்ணூறு மிச்சம் என்றார்.
கீழே விரிக்க யூரியாச் சாக்கு இருந்தது.
வேண்டாம் என்றார்.
நெல் கொள்முதல் நிலையத்தில் பில் எழுதுகிறவர்,
கை சுத்தம் என்று பெயரெடுத்தவர்.
பிரஷ் சுத்தம் வேறு சங்கதி.
ஈரம் பதினேழைத் தாண்டினால்
மூட்டையையே திருப்பி அனுப்புகிறவர்
ஈரம் காயுமுன் அதன் மேலேயே நடந்திருக்கிறார்.
இதோ குதிகால்.

நாகப்பட்டினத்துப் புதுவீட்டில்
லாரிக்குக் காத்திருக்கிறார் இப்போது.
போனில் சொல்கிறார்:
"தண்ணி ஊத்தித் தேய்ச்சுப் பாரேன்."

டிஸ்டம்பர் என்றால் தண்ணீருக்கு இளகும்.
சுவரிலிருந்து சொட்டிய வெள்ளையெல்லாம்
ஈரத்துணிக்கே எழுந்து வந்துவிட்டது.
எனாமலுக்கு அந்த மரியாதை தெரியாது.
பஞ்சைத் தின்னரில் நனைத்து மேலே வைத்து
நூறு வரை எண்ண வேண்டும்.
ஓரம் சுருங்கும், பாலாடை போல் மடியும்.
பிளேடைச் சாய்த்தால் சுருண்டு வரும்.
நிமிர்த்தினால் தரை கீறும்.
இதைச் சொன்னது
முதல் மூன்று கீறல்கள்.

பொட்டுகளைப் பார்த்தால்
அவர் எங்கே நின்றார் என்று தெரிகிறது.
கீழ்க்கம்பிக்குக் குந்தியிருக்கிறார்:
கடுகு கடுகாய், நெருக்கமாய்.
மேல்கம்பிக்கு ஸ்டூல்:
உயரத்திலிருந்து விழுந்தவை காசு அகலம்,
விளிம்பெல்லாம் பல்.
அப்புறம் ஒரு நீளக் கோடு, அறையின் நடுவரைக்கும்.
வடவாற்றில் தண்ணி வந்திருச்சு என்று
வடுவூரிலிருந்து அவர் அண்ணன் கூப்பிட்டபோது
பிரஷ்ஷோடு என் பக்கம் திரும்பியது.
அதையும் எடுத்தேன்.
கொஞ்சம் மெதுவாக.

பீரோ நின்ற இடத்தில் நீலம்.
நாங்கள் நீலம் வாங்கியதே இல்லை.
எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுடையது.
அவர்களிடம் பிடித்தது போக
எங்களிடமும் பிடிப்பாரோ?
யார் சிந்தியதோ, பஞ்சு அதற்கும் நனைந்தது.

பதினொன்றரை.
தின்னர் வாடையில் நெற்றி கனக்கிறது.
ஒரே ஒரு பச்சை அசைய மாட்டேன் என்கிறது.
நூறு எண்ணினேன், இருநூறு எண்ணினேன்.
தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டேன்.
நெயில்பாலிஷ் ரிமூவரின் கடைசிச் சொட்டையும் கொடுத்தேன்.
செல்போன் வெளிச்சத்தைத் தரையோடு தரையாய்ப் பிடித்தால்
அது கல்.
மொசைக்கில் பதித்த பச்சைக் கல்.
பக்கத்திலேயே இன்னும் நாலு.
முக்கால் மணி நேரம்
தரையிலிருந்து தரையை எடுக்கப் பார்த்திருக்கிறேன்.
சிரித்தேன்.
காலி வீட்டில் சிரித்தால்
அது சுவரில் முட்டித் திரும்பி வந்து
யார் என்று பார்க்கிறது.

பொய்யாமொழி எட்டுக்கு முன்னாலேயே வந்தார்.
ஃபேனைச் சுற்றவிட்டார்.
குழாயைத் திறந்து மூடினார்.
ஆணி ஓட்டைகளை விரல்விட்டு எண்ணினார்.
சன்னலடியில் வந்து நின்று
"இதென்னம்மா, இங்க மட்டும்
வெள்ளை வெள்ளையாப் பொட்டு?"

பார்த்தேன்.
பெயின்ட் இருந்த இடமெல்லாம் பளிச்சென்று இருந்தது,
கட்டிய அன்றைக்கு இருந்த மாதிரி.
மீதித் தரைதான் அழுக்கு.
"அது பொட்டு இல்லீங்க.
அதுதான் உங்க தரை."

ஆயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டார்.
ஆணிக்காம்.

பஸ் திருவாரூர் தாண்டும்போது போன்.
"இங்க உப்புக்காத்துல
சன்னலெல்லாம் துருப்பிடிச்சிருக்கு.
நானே அடிச்சிடட்டுமா?"
சாக்கு எந்த மூட்டையில் இருக்கிறது என்று
சொன்னேன்.