பத்தாயிரத்துக்கு ஒன்று குறைய

வீடு வருமுன் வீட்டின் கோடு வரும் இங்கே.
மூலைக்கொன்றாய் அலுமினியக் கம்பம் நட்டு
இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம்,
ஆட்சேபம் இருந்தால் மாதமொன்றுக்குள் சொல்லுங்கள் என்று
ஆகாயத்தில் வரைந்து வைப்பார்கள்.

ரூட்டிஸ்வீலுக்கு நான் தபால் சுமந்த முதல் வசந்தம்
செர்ரித் தோட்டத்தில் நாற்பத்திரண்டு கம்பங்கள்.
இன்னும் இல்லாத நாலாம் மாடியில்
ஒரு காகம் குடிவந்திருந்தது.

அப்போது ஊரில் ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம் பேர்.
பதினொரு மணிக்குள் என் மஞ்சள் முச்சக்கர வண்டி
ஊரைச் சுற்றி முடித்துவிடும்.
ஷெர்ரர் வீட்டு நாய்க்கு
என் சில்லுச் சத்தம் பாடம்.

ஆட்சேபங்கள் பதினேழு.
பதினேழும் பதிவுத் தபால்; நான்தான் கொண்டுபோனேன்.
நிழல் விழும் என்றார்கள்.
சுவரிடுக்குப் பல்லிகளுக்கு யார் பொறுப்பு என்றார்கள்.
பல்லிகளுக்குக் கல்லடுக்கி வேறு இடம் கொடுத்தாயிற்று.
மரங்களுக்காக ஒருவரும் எழுதவில்லை.

பதினைந்தில், கால்மணிக்கொரு ரயில்.
பதினாறில் பள்ளி முற்றத்தில் நாலு தகரக் கொள்கலன்,
'தற்காலிகம்' என்று எழுதி.
அதற்குள் அரிச்சுவடி படித்தவனுக்கு
மேலுதட்டில் இப்போது பூனைமயிர்.
தகரம் அங்கேயே நிற்கிறது.
எழுத்துக்கு மட்டும் புது வர்ணம்.

நீச்சல் தடாகம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு.
பதினொரு வாக்கில் தோற்றது.
அந்தப் பதினொரு பேர் யார் என்று
இன்றைக்கும் பாண் வாங்கும் வரிசையில்
ஆளை ஆள் அளந்து பார்ப்பார்கள்.
உறைகளைச் சுமந்தவள் நான்.
ஒன்றும் கனக்கவில்லை.

ஊர் எட்டாயிரத்தைத் தாண்டிய வருடம்
தபால் நிலையத்தை மூடினார்கள்.
இப்போது அது பலசரக்குக் கடையில்
உருளைக்கிழங்குக்கும் பாற்கட்டிக்கும் நடுவே
ஒரு மேசை, ஒரு தராசு.

சரித்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால்
கடிதப் பெட்டிகளைக் காட்டுவேன்.
பெயர்ச்சீட்டு ஆறு சென்ரிமீற்றர்,
மனுஷர் அதற்குள் அடங்க வேணும்.
பேஹ்டோல்ட் அடங்குவார்.
பெரெய்ரா குடும்பம் நெருக்கிப்பிடித்து இரண்டு வரி.
நவரத்தினராசா வீட்டார் 'நவர' என்று வெட்டி ஒட்ட
மின்கட்டணம் மூன்று தரம் திரும்பிப் போனது.
பதினாலாம் இலக்கத்தில் இரண்டு பெயர் இருந்தது;
ஒரு திங்கட்கிழமை, ஒன்றின் மேல் ஒட்டுநாடா.
மழை பெய்தால்
அடியில் உள்ள பெயர் தெரியும்.

பத்தாயிரம் சேர்ந்தால் ஊர் நகரம், அதுதான் இந்நாட்டுக் கணக்கு.
போன நவம்பரில் சபைத்தலைவி கேக்குக்குச் சொல்லிவைத்தார்.
டெஸ்ஃபாய் வீட்டில் செவ்வாய் விடியப் பிறந்த பெண்பிள்ளை
பத்தாயிரமாவது ஆள்.
படம் பிடித்தார்கள். பிள்ளை கொட்டாவி விட்டது.

ஷெர்ரரின் பெட்டியில்
வெள்ளிக்கிழமைப் பத்திரிகை எடுபடாமல் கிடந்தது.
அதன்மேல் சனி. அதன்மேல் திங்கள்.
நாய் குரைத்தது, என் சில்லுக்கு அல்ல.
நான்தான் பொலிசுக்கு அடித்தேன்.

கதவைத் திறந்த அன்று மாலை
ஊர் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
கேக் அதற்குள் வெட்டியாயிற்று.
'நீ வந்து பதிந்தால் கணக்குச் சரி' என்று சிரித்தாள்
பதிவு மேசையில் இருக்கும் வீடர்கேர்.
சிரித்தேன்.
மூன்று தரிப்பிடம் தள்ளி இருக்கிறேன்.
இவ்வூர் வாடகை என் சம்பளத்துக்குப் படியாது.

நாயை நவரத்தினராசா வீட்டார் கூட்டிப் போனார்கள்.
தமிழில் 'இரு' என்றால் இருக்கிறது.

இன்று காலை ஷெர்ரர் வளவில் கம்பம் நடுகிறார்கள்.
ஏழு மாடி.
வண்டியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன்,
எந்த மாடியில் காகம் என்று.
பெரெய்ரா வீட்டுத் தபால்
ஐந்து நிமிடம் பிந்தியது.