ஒன்று புள்ளி இரண்டு

ஜீரோ கேட்டில்
காகிதம் பொருந்தாத லாரியைத் திருப்பி அனுப்புவார்கள்.
போகிறதும் திரும்புகிறதும் ஒரே சாலை.
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு
திருவொற்றியூர் தாண்டியும் நிற்கும்.
பன்னிரண்டு வருடம் அங்கே சீல் நம்பர் சரிபார்த்தவன்.
நிலை அலையை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

செட்டிலிருந்து நூறு வாட் கிளம்புகிறது.
மேலே கம்பியின் நீளம் ஒத்துக்கொள்ளாவிட்டால்
ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடுகிறது.
முள் மூன்றில் நின்றால் கால்வாசி வீட்டுக்கே வருகிறதென்று கணக்கு.
நிலை அலைத் தகவு என்கிறது பாடப்புத்தகம்.
தகவு, விகிதம்தான்.
தகுதி என்றும் ஒரு பொருள் உண்டு,
நான் மாட்டிக்கொண்டது அதில்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் முப்பத்து மூன்று அடி,
அந்தப் பக்கம் முப்பத்து மூன்று.
விரற்கடை விரற்கடையாக நறுக்கி
ஒரு ஞாயிறு முழுக்க ஏறி இறங்கி
ஒன்று புள்ளி ஐந்துக்குக் கொண்டுவந்தேன்.
அன்றிரவு காக்கிநாடா வெங்கட்ரத்னம்
பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் பேசினார்.

ஐப்பசி வந்தது. மழை,
காசிமேட்டு உப்புக் காற்று, எண்ணூர்ச் சாம்பல்.
முள் இன்னும் இறங்கியது.
ஒன்று புள்ளி மூன்று.
ஒன்று புள்ளி இரண்டு.
நான் எதையும் தொடவில்லை.
தானாகத் தேறுகிறது என்று
தேதி போட்டு நோட்டில் எழுதினேன், கீழே கோடும் இழுத்தேன்.
காக்கிநாடாதான் கிடைக்கவில்லை.
சூரியனைக் குறை சொன்னேன்,
பிறகு வெங்கட்ரத்னத்தின் காதை.

மூன்று இரவு கூப்பிட்டுத் தொண்டை கட்டிய காலையில்
படிக்கட்டில் ரெஜினாள்:
“இன்னா சார், உங்க கம்பி அறுந்து மூணு நாளாவுது.
சும்மாதானே கெடக்குதுன்னு
நாந்தான் துணி காயப் போட்டுக்கினேன்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன்.
இழுத்துக் கட்டிய இடது கையில்
இரண்டு பள்ளிச் சீருடை, ஒரு லுங்கி.
கீழே வந்து பட்டனை அழுத்தினேன்.
முள் அசையாமல் ஒன்று புள்ளி இரண்டு.
கம்பியே இல்லை,
அதற்கு ஒரு மனக்குறையும் இல்லை.

கேபிளைக் கீறினால் உள்ளே மழை.
செம்புப் பின்னல் பச்சை பூத்திருந்தது.
போன அலையைக் குடித்து
திரும்பிய அலையையும் குடித்து
வாய் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
லாரி திரும்பி வரவில்லையென்றால்
சரக்கு கப்பலேறிவிட்டது என்றா எழுதுவோம்?
வழியில் எங்கே இறங்கியது என்று
பன்னிரண்டு வருடம் கேட்டவன் நான்.

ரிச்சி தெருவில் முப்பது மீட்டர் புதிது வாங்கினேன்.
மூட்டில் கிரீஸ், மேலே ரப்பர் டேப்.
இப்போது ஒன்று புள்ளி ஏழு.
கொஞ்சம் திரும்பி வருகிறது, வரட்டும்.
‘ஊரில் இல்லையா?’ என்கிறார் வெங்கட்ரத்னம்.

பழைய கேபிளை ரெஜினாள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
நனைந்த ஜமுக்காளம்கூடத் தாங்குகிறதாம்.