மணியடிக்கவும்

கோட்டை பார்த்தாயிற்று. கந்தக நெடியடிக்கும்
திபிலீசிக் குளியல் மாடங்கள், குரா ஆற்றுப் பாலம்,
ரொட்டி சுடும் அடுப்பு வாசலில் ஒரு கால்மணி.
மழைக்கு ஒதுங்கிய மாடிப்படியில்
கையால் எழுதிய பலகை:
தராசுகள். மணியடிக்கவும்.

நசிப்ரோலா சாவியோடு வந்தார்,
பாதி மென்ற வால்நட்டோடு.
அறைக்கு ஒரு விளக்கு;
தாண்டியதும் பின்னால் அணைத்துக்கொண்டே வந்தார்.
பொன் நிறுத்தது. பட்டுக்கூடு நிறுத்தது.
பஞ்சகாலத்து ரொட்டி நிறுத்ததை மட்டும்
தொட விடவில்லை.
தட்டு காலி; ஆனாலும் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது.

கடைசியில் தானிய மேடை. ஏறச் சொன்னார்.
முள் நிற்கும்வரை இருவரும் மூச்சு விடவில்லை.
பேரேட்டில், பதினொரு நாளுக்கு முந்தைய
ஒரு பெயருக்குக் கீழே என்னை எழுதி,
நனைந்த ஷூவுக்கு
முக்கால் கிலோ கழித்தார்.