பைய

தாசையன் கிடக்கிறார் ஒன்றாம் கேமராவில்.
இரண்டாம் கேமராவில் முற்றம், ரப்பர் மரங்கள்,
பாறசாலையிலிருந்து வந்த வேன்,
செருப்பைத் தேடும் ஒருவர்.

மிக்ஸரை வைத்திருப்பது
பக்கத்து வீட்டுப் புகைப்புரைக்குள்.
தலைக்கு மேல் ரப்பர் ஷீட்டுகள்.
அந்த வாடை சட்டையில் ஏறிவிட்டது.

கல்யாணமென்றால் ஆட்டோ பொத்தான் போதும்.
இருபத்தைந்து ஃபிரேம், ஒரு நொடி,
தாலியிலிருந்து பந்திக்குப் போய்விடலாம்.
இதய வடிவில்கூடத் திறக்கும் இந்த மெஷின்.
அருமனையில் ஓர் அடக்கத்தில்
கை தவறி அதை அழுத்திவிட்டு
பாதிப் பணம்தான் வாங்கினேன்.

மச்சினன் வந்து போனை நீட்டினான்.
தோஹாவிலிருந்து ஜெஸ்டஸ்.
பாஸ்போர்ட் கம்பெனியில் என்று ஏதோ சொன்னான்.
பிறகு,
"மூடும்போ வெட்டிராதீங்க அண்ணே. பைய போங்க."
போனை ஸ்பீக்கரில் போட்டு
மானிட்டருக்குக் கீழே சாய்த்துவைத்தேன்.

ஒரே ராகத்தை இரண்டு பாஷையில் பாடுகிறார்கள்.
பாறசாலைக்காரர்கள் ஒரு சொல் முந்தி முடிக்கிறார்கள்.
பெட்டிக்காரன் மூடியைத் தொட்டுவிட்டான்.

டி-பாரில் கை வைத்தேன். வழுக்கியது.
வேட்டியில் துடைத்துவிட்டு
மறுபடி வைத்தேன்.

கால் தூரம்: நெற்றியில் ரப்பர் இலைகள்.
இன்னும் கொஞ்சம்: மூக்குப் பஞ்சின் மேலே
வேன்காரன் நடந்து போகிறான்.
பாதி: இரண்டு கேமராவிலும் சிவப்பு விளக்கு.
அஜினும் விபினும் ஆளுக்கொரு மூலையில்
தன் படம்தான் போகிறதென்று
அசையாமல் நிற்கிறார்கள்.
இருவர் நினைப்பதும் சரி.

அங்கேயே நிறுத்தினேன்.

முகத்தில் துணி விழுந்தது. மேலே மூடி.
முற்றத்து ஆளுக்குச் செருப்பு கிடைத்துவிட்டது.
"அண்ணே, பார் மாட்டிக்கிட்டா?" ஹெட்செட்டில் அஜின்.
பதில் சொல்லவில்லை.

படம் கடல் தாண்ட பத்து நொடி ஆகும்.
தோஹாவில் இன்னும் துணி விழவில்லை.
எண்ணினேன்.
ஒன்பது வரை ஏசி இரைச்சல் மட்டும்.
அதற்குப் பிறகு கேட்டதை
நான் எழுத வேண்டாம்.

மிச்சப் பாதியைத் தள்ளினேன்,
ரப்பர் மரங்கள் முழுசாக வரும்வரை.

வயரைச் சுருட்டும்போது மச்சினன் பணம் தந்தான்.
இருநூறு கூடுதல். எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்,
பிறகு அவன் மறுபடி நீட்ட, வாங்கிக்கொண்டேன்.
பார் கீழ்முனையில் கிடக்கிறது.
தூக்கிவைக்க வேண்டியதில்லை,
கீழிருந்து தள்ளினாலும் படம் மாறும்.
நாளைக்கு இஞ்சிவிளையில் நிச்சயதார்த்தம்.