முப்பத்திரண்டு ஜிபி

தார்த்துக் கடையில் தார்வி சொன்னான்:
நூற்றிருபத்தெட்டு எடுத்துக்கொள், அரை விலை.
ஹில்யேவின் ரெக்கார்டர் பழசு.
முப்பத்திரண்டுக்கு மேல் போட்டால்
"கார்டு இல்லை" என்று சாதிக்கும்,
வாய்க்குள் வைத்துக்கொண்டே.

பெய்ப்சி ஏரி உடையப்போகிறது.
இன்றிரவு, இல்லை விடிந்தால்.

பையில் இன்னொரு கார்டு.
முப்பத்திரண்டுதான். நிறைந்தது.
போன ஏப்ரலில் உடைந்த பனிப்பாளம்
ஏழரை மணி நேரம்,
நடுவில் ஐவார்
ஃபிளாஸ்க் மூடியைத் தவறவிட்ட சத்தம்.
நகல் எடுக்கணும், எடுக்கணும் என்று
ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓரத்துப் பூட்டை நகத்தால் தள்ளினாள்.
மெனு. ஃபார்மட்.
"அனைத்தும் அழியும். நிச்சயமா?"
குளிரில் விரல் இரண்டு முறை வழுக்கியது.
மூன்றாவது விழுந்தது.

ஏழரை மணி நேரம்
நான்கு நொடியில் காலி.

ஹெட்போனின் ஒரு காது அவளுக்கு, ஒன்று எனக்கு.
காற்று. காற்று. என் வயிற்றின் உறுமல்.
பிறகு வெகு தொலைவில்
யாரோ உள்ளிருந்து
தாழ்ப்பாளை இழுப்பதுபோல் ஒன்று.
ஏரி யாரிடமும்
நிச்சயமா என்று கேட்கவில்லை.

ஹில்யே கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:
சிவப்பு எரிகிறதா?

பார்த்தேன்.
சிமிட்டிக்கொண்டிருந்தது.
சிமிட்டினால்
இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம்.