தோற்றம் – மறைவு

சூளையில் ரயில் பாலத்தை ஒட்டி என் கடை.
இந்தத் தை மாதம் மட்டும்
ஊரிலிருந்து மூன்று போட்டோ வந்துவிட்டது.

ஏகவல்லி அக்காவுக்குத் தனிப்படம் கிடையாது.
யார் கல்யாணத்திலோ பந்தி பரிமாறும்போது எடுத்தது.
முதல் பந்தியில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.
சாம்பார் வாளியை அழித்தாயிற்று,
கை இன்னும் எதையோ தூக்கிப் பிடித்திருக்கிறது.

பம்ப்செட் முனிரத்தினம் வெற்றுடம்போடு வந்தார்.
போன வாரம் செத்த பேங்க் மேனேஜரின்
வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டேன்.
கழுத்து இறுக்கம்தான்,
பொறுத்துக்கோ மாமா.

தசரதனோடு நான் பேசிப் பதினெட்டு வருஷம்.
வரப்புத் தகராறு. அரை முழம்.
முகத்தைப் பெரிதாக்கினேன்:
இடது புருவத்தில் தழும்பு,
பத்து வயதில் நான் எறிந்த கல்.
அழிக்கவா என்கிறது கம்ப்யூட்டர்.
வேண்டாம்.

பிறந்த தேதி கேட்டால்
"ஏரி உடைஞ்ச வருஷம்" என்கிறான் அவன் மகன்.
ஏரி ரெண்டு தரம் உடைந்ததேடா.
தோற்றம் என்ற இடத்தில்
அதையே அடித்தேன்.

ஆறுக்கு நாலு ஃப்ளெக்ஸ்.
காசு வேண்டாம் என்றேன்.
அனுப்பிவிட்டான்,
சில்லறை வரைக்கும்.
அப்பனேதான்.